ஹேங்கரில் கிடைக்கும் நேரம்: அரசு விமானப் பயிற்சிப் பள்ளிகளின் கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு, வானத்தில் கண் வைத்த பிள்ளைகளின் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். பைலட் ஆக எவ்வளவு செலவாகும்? அவ்வளவு முடியாதென்றால் ஏ.எம்.இ., அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு, படிக்க வைக்கலாமா? இந்த இரண்டாவது கேள்வியை எல்லோரும் ஆறுதல் பரிசு கேட்கிற குரலில்தான் கேட்கிறார்கள். அரசாங்கமும் ஏறக்குறைய அதே குரலில்தான் இதுவரை பேசிவந்திருக்கிறது. விமானி பயிற்சிக்கு மத்திய அரசு ஒரு அகாடமியே கட்டியது. விமானத்தைப் பறக்கத் தகுதியாக வைத்திருக்கும் பொறியாளரை உருவாக்கும் வேலையைப் பெரும்பாலும் தனியாரிடம் விட்டுவிட்டது. இந்த இரண்டையும் பிரித்ததில்தான் நம் பயிற்சிப் பள்ளிகளின் பாதிச் சிக்கல் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு ஒரு பயிற்சிப் பள்ளி எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம், அதாவது சி.பி.எல்., பெற குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் மாணவருடையதாக இருக்க வேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறந்தது 20 மணி நேரம், கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது, இரவில் இறங்கி ஏறியது என்று உள்கணக்குகளும் உண்டு. இதற்குப் பக்கத்திலேயே வழிகாட்டல், வானிலை, விதிமுறை, தொழில்நுட்பத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம். ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம். தேர்வுகளை வீட்டில் உட்கார்ந்து படித்து எழுதிவிடலாம். அந்த 200 மணி நேரத்துக்கு மட்டும் குறுக்கு வழி கிடையாது. மாணவர் இருக்க வேண்டும், பயிற்றுநர் இருக்க வேண்டும், வானம் தெளிந்திருக்க வேண்டும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக அன்று காலை பறக்கத் தகுதியான ஒரு விமானம் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 100 மாணவர்களை முடித்து அனுப்ப நினைக்கும் பள்ளி 20,000 மணி நேரம் பறக்க வேண்டும். ஒரு விமானம் ஆண்டுக்கு 800 மணி நேரம் பறக்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 25 விமானங்கள் வேண்டும். இந்தச் சிறிய விமானங்களுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு பராமரிப்பு, 100 மணி நேரத்துக்கு ஒரு பெரிய சோதனை என்பது வழக்கம். 20,000 மணி நேரம் என்றால் 100 மணி நேரச் சோதனைகள் மட்டும் 200 வருகின்றன. வேலை நாட்களில் ஏறக்குறைய ஒன்றரை நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நாள் இழுத்தால் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், எப்போதும் விமானம் நிற்கும். நான்கு நாள் இழுத்தால் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அந்த 100 மணி நேரச் சோதனையில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு ஆறுதல் பரிசு என்ற எண்ணம் வராது. எஞ்சினின் கவசத்தைக் கழற்றி, எண்ணெயை வடித்து, எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்து, மடிப்புகளுக்குள் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பார்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைப்பார்கள். இறக்கையையும் வாலையும் அசைக்கும் கம்பிகளின் இழுவை, பிரேக், டயர், மூக்குச் சக்கரத்தின் தண்டு, புரொப்பெல்லர் விளிம்பில் கல் பட்ட வடு என்று பட்டியல் நீளும். பயிற்சி விமானம் மற்ற விமானங்களைவிட அதிகம் அடி வாங்கும். இறங்கப் பழகுகிறவர் தரையில் போடுவார். ஒரு மணி நேரத்தில் ஆறேழு முறை இறங்கி ஏறுவார். பிரேக்கை மிதித்துக்கொண்டே உருட்டுவார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி காரின் கிளட்ச் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். இங்கே அந்தப் பாடு விமானம் முழுவதற்கும்.

எல்லாம் முடிந்த பிறகு உரிமம் பெற்ற ஒரு பொறியாளர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் அசையக்கூடாது. தலைமைப் பயிற்றுநர் கேட்டாலும், முதலாளி கேட்டாலும், அமைச்சரே கேட்டாலும் பொறியாளர் முடியாது என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும் துணிவும் அவருக்குக் கற்பிக்க வேண்டியவற்றுள் ஒன்று. ஏ.எம்.இ. பாடத்தில் ஒன்பதாவது பகுதி முழுக்க மனிதத் தவறுகளைப் பற்றியது: தூக்கமின்மை, அவசரம், இருட்டில் வேலை, "நேற்றும் இப்படித்தானே செய்தோம்" என்ற பழக்கம். உலகம் முழுக்க இந்த வகுப்பில் சொல்லப்படும் கதை 1990 ஜூன் 10 அன்று நடந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பி உயரம் ஏறிக்கொண்டிருந்தபோது விமானி அறையின் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே தொங்கினார். சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொண்டார்கள், துணை விமானி தரையிறக்கினார், கேப்டன் பிழைத்தார். அதற்கு முன் ஓர் இரவுப் பணியில் அந்தக் கண்ணாடியைப் பொருத்தியபோது 90 போல்ட்டுகளில் 84 ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுக்கு விட்டம் சிறியவை. கண்ணால் பார்த்து, பழையதோடு ஒப்பிட்டு எடுத்தவை அவை. பட்டியலைத் திறந்து எண்ணைச் சரிபார்த்திருந்தால் நடந்திருக்காது.

இந்தப் படிப்பு தமிழ்நாட்டில் பலருக்குக் குழப்பமாகவே இருக்கிறது. ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் வேறு, ஏ.எம்.இ. வேறு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இல் தொடங்கிய காலத்திலிருந்தே கற்பித்துவரும் முதல் வகை, விமானத்தை வடிவமைப்பதற்கான பட்டப் படிப்பு. அதை முடித்தவர் கையெழுத்திட்டு விமானத்தை அனுப்ப முடியாது. அனுப்பும் உரிமையை விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. தருகிறது, சி.ஏ.ஆர். 66 என்ற விதியின்படி. பெரிய ஜெட் விமானங்களின் எஞ்சின், உடற்பகுதிக்கு பி1.1; சிறிய பிஸ்டன் விமானங்களுக்கு பி1.2, மின்னணுக் கருவிகளுக்கு பி2. ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில், அதாவது சி.ஏ.ஆர். 147 அனுமதி உள்ள இடத்தில், பி1.1-க்கு 2,400 மணி நேரப் பயிற்சி. அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் விமானங்களில் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் காட்டினால்தான் உரிமம். அந்தக் கடைசி வரியில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். தேர்வுகள் எல்லாம் தேறிவிட்டு, அனுபவம் தேட ஹேங்கர் கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனவர்கள் நம் ஊர்களில் உண்டு. பறக்காத பழைய விமானம் ஒன்றை முற்றத்தில் நிறுத்தி, விளம்பரத்தில் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று அச்சடித்த கல்லூரிகளுக்குக் கட்டணம் கட்டியவர்கள் அவர்கள்.

அரசு இந்தத் துறைக்குள் எப்படி வந்தது என்பது சுவையான கதை. விடுதலைக்கு முன் பறக்கக் கற்றது பெரும்பாலும் ஃபிளையிங் கிளப்களில். மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. கிளப் என்ற பெயருக்கு ஏற்றபடி அது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. அரசு மானியம் கொடுத்ததால் ஓடியது. விடுதலையை ஒட்டி பெங்களூரு ஜக்கூரில் மைசூர் அரசு ஒரு பறப்புப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. அதை நடத்தியவர் கேப்டன் வி. சுந்தரம். 1949-இல் அங்கே பயிற்சி முடித்த முதல் ஆள் அவருடைய மனைவி உஷா சுந்தரம். அதன் பிறகு சென்னை மாகாண அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இருவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். பிஸ்டன் விமானத்துக்கு அது சாதனை. பின்னால் அவர்கள் சென்னையில் குடியேறி 1959-இல் தொடங்கிய அமைப்பைத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும்: புளூ கிராஸ். தெருநாய்க்கு அடிபட்டால் நாம் தேடும் அந்த எண்ணுக்கும் ஜக்கூர் ஓடுதளத்துக்கும் இப்படி ஒரு உறவு.

ஜக்கூர் பள்ளி இன்றும் கர்நாடக அரசின் கையில் இருக்கிறது. அதன் வாழ்க்கை மேடும் பள்ளமுமாகத்தான் போயிருக்கிறது. நகரம் சுற்றி வளர்ந்துவிட்டது. புதிய விமான நிலையத்துக்குப் போகும் மேம்பாலம் ஓடுதளத்தின் நுனியில் வந்து நின்றதால், பயன்படுத்தக்கூடிய நீளம் குறைந்தது. விமான நிலையத்துக்குச் சாலை போடுவதற்காகப் பறக்கும் பள்ளியின் ஓடுதளத்தைச் சுருக்கிய விநோதம் இது. அதைவிடப் பெரிய தொல்லை பயிற்றுநர் பற்றாக்குறை. தலைமைப் பயிற்றுநர் இல்லாத பள்ளி பறக்க முடியாது. அப்படி ஆளில்லாமல் பயிற்சி நின்ற காலமும் அதன் வரலாற்றில் உண்டு. காரணம் எளிது. பயிற்றுநராகத் தகுதி பெற்றவர் விமான நிறுவனத்துக்குப் போனால் சம்பளம் பல மடங்கு. அரசு ஊதிய விகிதத்தில் அவரைப் பிடித்துவைக்க முடியாது. ஒரு கல்லூரியில் பேராசிரியர் இடம் காலியாக இருந்தால் கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டலாம். இங்கே டி.ஜி.சி.ஏ. அங்கீகாரமே அந்த ஒரு ஆளின் மேல் நிற்கிறது.

மத்திய அரசின் பெரிய முயற்சி 1985-இல் வந்தது. இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாக இருந்த ராஜீவ் காந்தி பிரதமர் ஆகிவிட்டிருந்தார். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில், அப்போதைய ரேபரேலி மாவட்டத்தில், இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி உருவானது. சுருக்கமாக இக்ருவா. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி நிறுவனம். அது நேரு குடும்பத்தின் தொகுதிப் பகுதி; அந்த அரசியல் முகவரியைப் பார்த்துத்தான் இடம் தேர்ந்தார்கள் என்று தோன்றுகிறது. வானிலை அந்த அரசியலுக்குக் கட்டுப்படவில்லை. கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரியில் மூடுபனி இறங்கினால் ஓடுதளத்தின் மறுமுனை தெரியாது. கோடையில் நடுப்பகல் அனல் சிறிய விமானத்தைத் தூக்கிப் போடும். ஆகவே விடிகாலையும் மாலையும்தான் நல்ல நேரம். 2021 வாக்கில் மகாராஷ்டிரத்தின் கோந்தியாவிலும் இக்ருவா பறக்கத் தொடங்கியதற்கு இந்தப் பனிதான் முக்கியக் காரணம் என்று வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். வார இறுதி, விடுமுறை என்று பாராமல் பறக்க வேண்டியிருந்தது.

2008-இல் அகாடமியின் நிர்வாகத்தை சி.ஏ.இ. என்ற கனடா நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். சொத்து அரசுடையது, ஓட்டியது தனியார். ஆண்டுக்கு 40 பேர் அளவில் இருந்த வெளியீட்டை 100 வரை உயர்த்துவது குறிக்கோள். பழைய டிரினிடாட் விமானங்களோடு டயமண்ட் டி.ஏ. 40, இரட்டை எஞ்சின் டி.ஏ. 42 எல்லாம் அணியில் சேர்ந்தன. டயமண்டுகளில் டீசல் எஞ்சின் கொண்டவற்றுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பெரிய ஜெட்கள் குடிக்கும் அதே எரிபொருளில் அவை ஓடும். செஸ்னா போன்றவை கேட்கும் ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் நம் நாட்டில் நீண்ட காலம் இறக்குமதிச் சரக்காகவே இருந்தது. இந்தியன் ஆயில் 2022-இல்தான் வதோதராவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. பெட்ரோல் கப்பல் வரவில்லை என்பதற்காகவும் மாணவர்கள் தரையில் உட்கார்ந்த காலம் இருந்தது என்று சொன்னால் இன்றைய தலைமுறை நம்பாது.

அரசு அகாடமி என்றதும் கட்டணம் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். இக்ருவாவில் சி.பி.எல். முடிக்க 40 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. உரிமம் கையில் வந்த பிறகு ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டும் பயிற்சிக்குத் தனியாகப் பத்து லட்சங்களுக்கு மேல். இட ஒதுக்கீடு இருக்கிறது. ஒதுக்கிய இடத்தில் உட்காரப் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வி உதவித் திட்டத்தில் மத்திய அரசு நெடுங்காலம் வைத்திருந்த உச்சவரம்பு, தனியார் ஃபிளையிங் கிளப்பில் படித்தால் ஆண்டுக்கு 3.72 லட்சம். இந்தத் தொகைக்கும் உண்மைச் செலவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எந்த வங்கியும் ஈடு இல்லாமல் நிரப்பாது. பிரான்சில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். துலூஸ் நகரத்தில் இருக்கும் அரசின் எனாக் பள்ளியில் விமானி வகுப்புக்குப் போட்டித் தேர்வு கடுமை. தேறிவிட்டால் பறக்கும் செலவு அரசுடையது. அப்படிச் செய்ய அவர்கள் எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதைச் சொத்து தீர்மானிப்பதில்லை.

பொறியாளர் பக்கம் இந்த அளவுக்குக்கூட ஏற்பாடு இல்லை. நம் நாட்டில் ஏ.எம்.இ.க்கான உண்மையான பொதுப் பள்ளியாக இருந்தவை ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் ஹேங்கர்கள். பயிலுநராகச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, மூத்தவர்களின் கைக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் வேலை கற்க வைத்து, உரிமம் வாங்க வைத்தார்கள். பெயர்ப்பலகை இல்லாத பள்ளி அது. வளைகுடா நாடுகளின் விமான நிறுவனங்கள் வளர்ந்தபோது அங்கே போன இந்தியப் பொறியாளர்களில் நிறையப் பேர் அந்தத் தரையில் தேறியவர்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாவுக்குப் போனபோது பராமரிப்பு நிறுவனமான ஏ.ஐ.இ.எஸ்.எல். விற்பனையில் சேராமல் அரசிடம் தங்கியது. தன்னுடைய விமானமே இல்லாத பராமரிப்பு நிறுவனமாக அது நின்றது. அதை ஒரு பொதுப் பயிற்சி நிலையமாக மாற்றும் வாய்ப்பு அப்போது இருந்தது. பேச்செல்லாம் அதை எப்போது விற்பது என்பதைப் பற்றியே போனது. இப்போது ஏர் இந்தியாவே மகாராஷ்டிரத்தின் அமராவதியில் 34 விமானங்களோடு ஆண்டுக்கு 180 விமானிகளை உருவாக்கும் பள்ளியையும், பெங்களூருவில் பராமரிப்புப் பொறியாளர்களுக்கான பயிற்சி நிலையத்தையும் அறிவித்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்பது தனியார் நிறுவனத்துக்குப் புரிந்துவிட்டது.

ஆப்பிரிக்காவில் இது புதிய செய்தி இல்லை. நைஜீரியாவின் ஸாரியா நகரத்தில் 1964 முதல் கூட்டாட்சி அரசு நடத்தும் கல்லூரி, விமானிகளையும் பராமரிப்புப் பொறியாளர்களையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களையும் ஒரே வளாகத்தில் பயிற்றுவிக்கிறது. எத்தியோப்பியாவின் கதை இன்னும் நல்ல பாடம். 1945-இல் அமெரிக்க நிறுவனமான டி.டபிள்யூ.ஏ.யின் துணையோடு அரசு விமான நிறுவனம் தொடங்கியபோது விமானி முதல் மெக்கானிக் வரை பெரும்பாலும் வெளிநாட்டினர். கொஞ்சம் கொஞ்சமாக நிறுவனம் தனக்குள்ளேயே தொழில்நுட்பர் பள்ளியையும் விமானி பள்ளியையும் வளர்த்தது. 1971-இல் தலைமைப் பொறுப்புக்கே எத்தியோப்பியர் ஒருவர் வந்தார். இன்று அடிஸ் அபாபாவின் அந்தப் பயிற்சி வளாகத்துக்கு மற்ற ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். நம்மைவிடப் பணக்கார நாடு இல்லை அது. பள்ளியின் ஹேங்கரும் நிறுவனத்தின் ஹேங்கரும் ஒரே வேலிக்குள் இருப்பதால், இரண்டு ஆண்டு அனுபவம் எங்கே தேடுவது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

ஃபர்சத்கஞ்சிலும் அதற்கு இடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. 2013-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான ராஜீவ் காந்தி தேசிய விமானப் போக்குவரத்துப் பல்கலைக்கழகம் இக்ருவாவின் பக்கத்திலேயே நிற்கிறது. நாளெல்லாம் பறக்கும் விமானங்கள் ஒரு பக்கம், மத்தியப் பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். பி1.2 மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வகுப்பறையை யாரும் வரைந்து தர முடியாது. காலையில் இறங்கிய டயமண்டின் எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்ப்பவர் மாணவராக இருந்தால், அவருக்கு அனுபவம் சேரும். விமானமும் சீக்கிரம் ஹேங்கரை விட்டு வெளியே வரும். வரிசையில் நிற்கும் சி.பி.எல். மாணவருக்கு மணி நேரம் கிடைக்கும். இதற்கு மேற்பார்வையிட்டுக் கையெழுத்திடப் போதுமான மூத்த பொறியாளர்கள் வேண்டும், அவர்களுக்குச் சந்தைச் சம்பளம் வேண்டும். செலவு அங்கேதான்.

2023-இல் டி.ஜி.சி.ஏ. 1,622 சி.பி.எல். உரிமங்களைக் கொடுத்தது, அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு இல்லை. அவர்களில் கணிசமானவர்கள் வெளிநாட்டில் பறந்து கற்றுத் திரும்பியவர்கள். இதைக் குறைக்கத்தான் விமான நிலைய ஆணையம் பயன்பாடு குறைந்த நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் கொடுக்கத் தொடங்கியது. 2021-இல் பெலகாவி, ஜல்கான், கலபுரகி, கஜுராஹோ, லீலாபாரி. 2022-இல் வந்த அடுத்த பட்டியலில் கடப்பா, ஹுப்பள்ளியோடு நம் சேலமும். ராயல்டியை நீக்கினார்கள், வாடகையைக் குறைத்தார்கள். சேலத்துப் பிள்ளைகள் காமலாபுரத்தில் பயிற்சி விமானம் வட்டமிடுவதைப் பார்க்கிறார்கள். நடத்துவது எல்லாம் தனியார். கட்டணமும் தனியார் கட்டணம். ஓடுதளம் அரசுடையது என்பதால் பள்ளி அரசுப் பள்ளி ஆகிவிடாது.

கோவில்பட்டி அருகே கிடக்கும் பழைய விமான ஓடுதளத்தில் பயிற்சிப் பள்ளி அமைக்க மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ தனியாரை அழைத்திருக்கிறது. கரிசல் பூமி, மூடுபனித் தொல்லை இல்லை, மழையும் குறைவு. பறக்கும் நாட்கள் ஃபர்சத்கஞ்சைவிட அதிகம் கிடைக்கும் என்று தாராளமாக எதிர்பார்க்கலாம். ஒப்பந்தத்தில் குத்தகைக் காலமும் ஓடுதள நீளமும் கட்டாயம் இருக்கும். அதோடு இன்னும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: ஹேங்கரில் சி.ஏ.ஆர். 147 அனுமதியோடு ஒரு பொறியாளர் வகுப்பு; இரண்டு வகுப்பிலும் சில இடங்களுக்கு முழுக் கட்டணத்தையும் மாநில அரசே செலுத்துவது. முதல் நிபந்தனையை ஏற்கத் தயங்கும் நிறுவனத்திடம், அதன் விமானங்களை யார் பராமரிக்கப் போகிறார்கள் என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.